பனியில் சரிந்த ட்ரைபாட் கால்: ஒரு நிகழ்வு ஆய்வு

போன வருடம் பிப்ரவரியில் ஒரு திங்கள்கிழமை. கடையைத் திறக்கப் போனால் படியில் எங்கள் தெருத் தம்பி உட்கார்ந்திருந்தான். மடியில் ஈரிழைத் துண்டில் சுற்றிய ஒரு ட்ரைபாட், கேமராவை நிறுத்தும் முக்காலி. களியக்காவிளையில் கேமரா, ஃப்ளாஷ், லைட் ஸ்டாண்டு என்று எது வந்தாலும் பிரித்துப் பார்க்கிற கடை என்னுடையது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள கல்யாண வீடியோக்காரர்கள்தான் பாதி வாடிக்கை. தம்பியும் அந்தத் தொழில்தான். இங்கே வேலை என்றால் ப்ரீ வெட்டிங் என்பான், பாறசாலை தாண்டினால் அதையே சேவ் த டேட் என்பான். ரேட்டும் அதற்கேற்ப மாறும்.

"காஷ்மீர் பனி இதைக் கொன்னுட்டுண்ணே" என்றான்.

துண்டைப் பிரித்தேன். கார்பன் ஃபைபர் கால்கள், ஒவ்வொன்றும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நான்கு அடுக்குக் குழாய், நீட்டிய இடத்தில் பிடித்து நிறுத்தத் திருகு லாக். மேல் குழாய் 28 மில்லிமீட்டர். ஒரு காலின் இரண்டாவது லாக்கில் காலர், அதாவது கையால் திருகும் வளையம், நீளவாக்கில் வெடித்திருந்தது, அதன் மேல் குறடு பிடித்த பல் தடம். அதே கால் உச்சியில் சேரும் இடத்தில், கோணத்தைப் பிடித்து நிறுத்தும் உலோக நாக்கு வளைந்திருந்தது. மற்ற இரண்டு கால்களும் நீட்டினால் நீண்டன, ஆனால் கறகற என்று அரைத்துக்கொண்டே. உச்சியில் கேமராவைத் திருப்பிப் பிடிக்கும் பால் ஹெட்டுக்கு ஒன்றுமில்லை. கேமரா பனிக்குள் விழுந்தும் பிழைத்துவிட்டதாம்.

பனியில் கெட்டது என்று வந்த பொருள் இது. பிரிப்பதற்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரித்த பிறகு கதை பொழியூர் கரைக்குப் போய்விட்டது. தம்பியிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

கரையில் நடந்தது

காஷ்மீர் போவதற்கு மூன்று வாரம் முன்னால், டிசம்பர் கடைசியில், அவன் மூன்று விடியற்காலை பொழியூர் கரைக்குப் போயிருக்கிறான். நீரோடி தாண்டினால் பொழியூர், அதைத் தாண்டினால் நெய்யாறு கடலில் விழும் பூவாறு. பொழிமுகத்தின் மணல்திட்டும், கரமடி வலை இழுக்கிறவர்களின் வரிசையும், பின்னால் மெல்ல வெளுக்கும் கிழக்கும் படம் எடுக்கிறவனைச் சும்மா இருக்க விடாது. அலையைப் பஞ்சு போல ஆக்குவதற்கு அரை வினாடி, இரண்டு வினாடி என்று ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்திருக்கிறான். அதற்கு ட்ரைபாட் அலை வந்து தொடும் ஈர மணலில் நிற்க வேண்டும்.

அங்கே அவன் செய்தது நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வதுதான். பெரிய குழாயிலிருந்து ஆரம்பித்து, தேவையான உயரத்துக்குக் காலை நீட்டினான். கடைசி மெல்லிய குழாய் உள்ளேயே கிடந்தது. அதனால் மணலுக்குள் இறங்கியது குழாய் அல்ல, லாக். அலை வந்தபோது கீழ் இரண்டு லாக்குகள் முங்கின. படம் முடிந்ததும் அப்படியே மடக்கி, ஸ்கூட்டரில் குறுக்கே வைத்துக் கட்டி வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டான்.

ஒரு வாரம் கழித்து எடுத்தபோது லாக்குகள் கறகற என்றன. வீட்டில் அம்மை இருந்தாள். கதவுக் கீல், தையல் மிஷின், பூட்டு என்று அந்த வீட்டில் எது சத்தம் போட்டாலும் ஒரே வைத்தியம்தான். காலர்களை லேசாகத் தளர்த்தி, உள்ளே சொட்டுச் சொட்டாகத் தேங்காய் எண்ணெய் விட்டான். சத்தம் நின்றது. அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துப் பையில் வைத்துவிட்டான்.

குல்மார்க்கில் நடந்தது

கன்னியாகுமரியிலிருந்து கட்ரா வரை போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் நண்பர்கள் நான்கு பேர் போனார்கள். 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி. நம் கரை மணலும் டிக்கெட் எடுக்காமல் கூடவே போயிருக்கிறது.

குல்மார்க் கடல் மட்டத்துக்குச் சுமார் 2,650 மீட்டர் மேலே இருக்கிறது. அன்று விடியற்காலை மைனஸ் 9 என்று போன் காட்டியதாம். விடுதி அறைக்குள் ட்ரைபாட் நன்றாகத்தான் நீண்டது. வெளியே கொண்டுபோய் இருபது நிமிடம் நடந்து, நின்ற இடத்தில் நீட்டப் பார்த்தால் லாக்குகள் திரும்பவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் பல்லைக் கடித்துத் திருகினான். மூன்று கால்களிலும் மேல் லாக்குகள் திரும்பின. குழாயை இழுத்து, மறுபடி திருகி இறுக்கினான். "கல்லு மாதிரி இறுகிச்சுண்ணே" என்றான். இந்தச் சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் அளவு புதுப் பனி. கால்களை முழுக்க விரித்து, உச்சியைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினான். டக் என்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது, பனிக்குள் ஏதோ குச்சி ஒடிந்தது என்று விட்டுவிட்டான். கேமராவும் 70-200 லென்ஸும் மேலே ஏறின. பத்து நிமிடத்தில் ஒரு கால் மெல்லக் குட்டையானது. வ்யூ ஃபைண்டரில் மலை சாய்வதைப் பார்த்து, மட்டம்தான் சரியில்லை என்று ஹெட்டைச் சரிசெய்தான். இரண்டாவது முறை சாய்ந்தபோது பிடிக்க முடியவில்லை.

விழுந்த பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய துப்பு. மடக்கப் பார்த்தால் எந்த லாக்கும் அசையவில்லை. வண்டி டிரைவரிடம் குறடு வாங்கி ஒன்றைத் திருக, காலர் வெடித்தது. இன்னொரு காலைத் திருகப் போனபோது, அங்கே நின்ற பெரியவர் ஒருவர் குறடைப் பிடுங்கி வைத்துவிட்டு, தன் அங்கிக்குள்ளிருந்து காங்கிரியை எடுத்திருக்கிறார். காங்கிரி என்றால் பிரம்புக் கூட்டுக்குள் மண்சட்டி, அதில் கனல். காஷ்மீரிகள் குளிருக்கு உடையின் உள்ளே பிடித்துக்கொள்வது. அதை லாக்குக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் காட்டியதும் இரண்டு கால்களும் கையாலேயே திறந்துகொண்டன.

மேசையில் பார்த்தது

ட்ரைபாட்டைப் பிரிக்கும்போது ஒரே நேரத்தில் மூன்று காலையும் பிரிக்கக் கூடாது. ஒன்றைப் பிரித்தால் மற்ற இரண்டும் அப்படியே இருக்க வேண்டும், எந்தத் துண்டு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தது என்று சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள. கழற்றியதை முட்டை அட்டையில் வரிசையாக வைப்பேன்.

வெடித்த காலரைக் கழற்றியதும் மூக்குதான் முதலில் வேலை செய்தது. நாள்பட்ட முறுக்கு டப்பாவின் வாசனை. "மக்கா, இதுல என்ன எண்ணெய் விட்ட?" என்று கேட்டேன். "செக்குல ஆட்டுனது, நல்ல எண்ணெய்ண்ணே" என்றான், நான் ஏதோ கலப்படம் என்று சொல்லிவிட்டது போல.

காலருக்குள் மரை முழுக்கச் சாம்பல் நிறக் களிம்பு. எண்ணெயும் பொடி மணலும் சேர்ந்து குழைந்தது. அதை வெள்ளைத் தாளில் வழித்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்த வலுவான காந்தத்தைத் தாளுக்கு மேல் கொண்டுபோனதும் கரிய துகள்கள் தாவி ஒட்டின. நம் கரை இல்மனைட். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் ஆலை பிரித்தெடுக்கிற அதே கருமணல்: இல்மனைட், சிர்க்கான், கார்னெட், ரூட்டைல், மோனசைட் எல்லாம் கலந்தது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இந்த மோனசைட்டைக் கண்டதும், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலில்தான். ஊர் மணலுக்குப் பயணம் பழகியது.

இது வெறும் வேடிக்கைச் செய்தி இல்லை. சாதாரண கடற்கரை மணல் என்றால் பெரும்பாலும் குவார்ட்ஸ், கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோ அளவில் 7. நம் பக்கத்துக் கருமணலில் சிர்க்கான் 7.5, கார்னெட் 6.5 முதல் 7.5 வரை, இல்மனைட் 5 முதல் 6 வரை. அலுமினியம் 3-ஐக்கூடத் தொடாது. காலருக்கு மேல் உள்ள ஆனோடைஸ் பூச்சு கடினமானதுதான், ஆனால் மெல்லிய தோல். மரையின் முனையில் அந்தத் தோல் உரிந்துவிட்டால் அடியில் இருப்பது வெண்ணெய் மாதிரி. அதோடு கருமணல் கனமானது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 என்றால் இல்மனைட்டும் சிர்க்கானும் 4.6, 4.7. தண்ணீரில் சும்மா அலசினால் லேசான மணல் மிதந்து போகும், இவை மரையின் பள்ளத்தில் தங்கிவிடும். கடற்கரையிலிருந்து வந்ததும் ஒரு கப் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கழுவிவிட்டேன் என்று சொல்கிறவர்களின் ட்ரைபாட்டில் நான் கண்டதெல்லாம் கறுப்பு மணல்தான்.

மூன்றாவதாக, கார்பன் குழாயின் முனையில் ஒட்டியிருக்கும் அலுமினியத் துண்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இது உப்பு மட்டும் இல்லை, அலுமினியம் அரித்துப் போன பொடி. கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்புத் தண்ணீர் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் எப்போதும் கரைவது அலுமினியம். முழு அலுமினிய ட்ரைபாட்டைவிடக் கார்பன் ட்ரைபாட்டுக்குக் கடல் தண்ணீர் ஆகாது என்று நான் சொன்னால் விலை கொடுத்து வாங்கியவர்களுக்குக் கோபம் வரும். குழாய்க்கு ஒன்றும் ஆகாது, மூட்டுக்குத்தான் ஆகும்.

யார் மேல் சந்தேகம்

லாக் குளிரில் இறுகி, சூட்டில் திறந்தது. அதற்குக் காரணம் மூன்றாக இருக்கலாம். உலோகம் சுருங்கியது, உள்ளே ஈரம் உறைந்தது, அல்லது எண்ணெய்.

சுருக்கத்தைக் கணக்குப் போட்டே தள்ளிவிடலாம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் சுருங்கும். நம் ஊர் 33 டிகிரியிலிருந்து மைனஸ் 9 வரை 42 டிகிரி. 28 மில்லிமீட்டர் காலருக்கு அது 0.027 மில்லிமீட்டர். தலைமுடித் தடிமனில் பாதிகூட வராது. காலரை அரைச் சுற்றுத் தளர்த்தினால் கிடைக்கும் இடைவெளி இதைப்போலப் பல மடங்கு.

ஈரம் உறைந்திருக்கலாம் என்பதை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. பனியில் வேலை செய்கிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது அது. வெளியே லாக்கில் ஒட்டிய பனி, சூடான அறைக்குள் உருகி மரைக்குள் இறங்கும். மறுநாள் வெளியே போனதும் அங்கேயே கட்டியாகும். தம்பியிடம் துருவித் துருவிக் கேட்டேன். அன்றுதான் ட்ரைபாட் முதல் முறையாகப் பையிலிருந்து வெளியே வந்தது. அதற்கு முன் பனியைத் தொடவே இல்லை.

எண்ணெயா என்பதைப் பார்க்க எங்கள் தெரு பேக்கரியின் ஐஸ்கிரீம் பெட்டி உதவியது. கெடாத மூன்று லாக்குகளை நன்றாகக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்தேன். ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் தையல் மிஷின் எண்ணெய், ஒன்றில் சிலிக்கோன் கிரீஸ். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ராத்திரி முழுக்க உள்ளே. காலையில் எடுத்ததும் அங்கேயே நின்று திருகினேன். சிலிக்கோன் கிரீஸ் போட்டது எப்போதும்போலத் திரும்பியது. மிஷின் எண்ணெய் கொஞ்சம் இழுவை, ஆனாலும் திரும்பியது. தேங்காய் எண்ணெய் போட்டது மெழுகில் வார்த்து வைத்த மாதிரி. வலுவாகத் திருகியதும் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்தி வைத்திருந்தேன், இளகிவிட்டது. காங்கிரி செய்ததும் இதைத்தான்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும். மார்கழி விடியலில் நம் வீட்டுக் குப்பிக்குள்ளேயே கட்டியாகி, வெயிலில் வைத்து எடுப்போம். தலைக்குத் தேய்க்கும்போது தெரிந்த விஷயம் ட்ரைபாட்டுக்கு விடும்போது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. எனக்கும் வந்திருக்காது, அந்த வாசனை இல்லையென்றால்.

பொய் இறுக்கம்

லாக் இறுகியது சரி. இறுகிய லாக்கில் கால் ஏன் வழுக்கி இறங்கியது? என்னை இரண்டு நாள் படுத்திய கேள்வி இதுதான்.

திருகு லாக்குக்குள் நடப்பது இது. உள் குழாயைச் சுற்றி ஒரு பக்கம் சரிவான பிளாஸ்டிக் புஷ் இருக்கிறது. காலரைத் திருகும்போது அது மரை வழியாக ஏறி, அந்தச் சரிவின் மேல் அமுக்கும். புஷ் குழாயைக் கவ்வும். குழாய் நிற்பது இந்தக் கவ்வலில்தான், காலர் இறுகியதில் இல்லை. கையில் நமக்குத் தெரிவது காலர் திரும்ப மறுக்கிற எதிர்ப்பு மட்டும். சுத்தமான லாக்கில் அந்த எதிர்ப்பு, புஷ் அமுங்குவதால் வருகிறது. உறைந்த எண்ணெயும் மணலும் மரையில் இருந்தால், புஷ்ஷைத் தொடுவதற்கு முன்பே மரையே எதிர்க்கும். கல்லு மாதிரி இறுகிச்சு என்று அவன் சொன்னானே, அது மரையின் இறுக்கம். புஷ் அரைகுறையாகத்தான் கவ்வியிருந்தது. போதாக்குறைக்கு, குழாயில் வழிந்த எண்ணெய்ப் படலம். மூன்று கிலோவைத் தாங்கி நின்ற கால், வழுக்கி வழுக்கி இறங்கியிருக்கிறது.

மணல் மட்டும் சிக்கினாலும் இந்தப் பொய் இறுக்கம் வரும். நம் கரையில் நின்றுகொண்டே கேமராவைத் தண்ணீரில் விட்டவர்கள் இரண்டு பேர் என் கடைக்கு வந்திருக்கிறார்கள், இருவரும் "நல்லா இறுக்கினேனே" என்றுதான் ஆரம்பித்தார்கள். கைச் சோதனை எளிது: லாக்கை இறுக்கியதும் அந்தக் காலின் மேல் உடல் எடையைக் கொஞ்சம் சாய்த்து அமுக்கிப் பாருங்கள். கேமரா ஏறுவதற்கு முன்னால், மூன்று காலிலும். ஒரு நூல் இறங்கினாலும் அந்த லாக்கை நம்பாதீர்கள்.

வளைந்த நாக்குக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை, அது தனிக் குற்றம். கால்களை முழுக்க விரித்து, கோண நாக்கில் முட்டி நிற்கும்போது பனிக்குள் அமுக்கினால், இறங்குகிற ஒவ்வொரு காலும் சரிவாகப் போவதால் மேலும் விரியப் பார்க்கும். விரிய இடமில்லை. விசை முழுக்க உச்சியில் உள்ள மூட்டில் வந்து விழும். உயரமான மூன்று காலும் நெம்புகோல், மேலே இருப்பது விரல் அகல உலோகம். ஆழமான பனியில் கால்களைக் கொஞ்சம் ஒடுக்கியே நிறுத்தி அமுக்க வேண்டும், இறங்க இறங்க அவை தாமாக விரிந்து சரியான கோணத்துக்கு வரும். தளர்ந்த உலர் மணலுக்கும் இதே விதிதான், ஆனால் மணல் அவ்வளவு ஆழம் விடாது என்பதால் யாருக்கும் உறைப்பதில்லை.

சரிசெய்தது

காலர் உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆனது. மற்றதெல்லாம் ஒரு மதியத்து வேலை. பிளாஸ்டிக் புஷ்களை மிதமான சுடுதண்ணீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். மண்ணெண்ணெய், தின்னர் பக்கம் போகவில்லை, சில பிளாஸ்டிக்குகள் ஊதிவிடும். மரையில் தங்கிய கருமணலை ஈரப் பருத்தி நூலை மரை ஓட்டத்திலேயே சுற்றி இழுத்து எடுத்தேன். வெள்ளைப் பொடியைச் சுரண்டித் துடைத்து, அந்த இடத்தில் மெல்லிய கிரீஸ் பூச்சு. புஷ்ஷில் ஆழமாகக் கீறல் விழுந்த ஒன்றை மாற்றினேன். உள் குழாயின் மேல் முனையில் உள்ள புஷ்களின் குமிழ்கள் குழாயில் உள்ள துளைகளில் உட்கார வேண்டும். அது பிசகினால் குழாய் முழுதாகச் சுழலும், பல பேர் தாமே பிரித்துப் பூட்டிவிட்டு என்னிடம் வருவது இதற்காகத்தான்.

கிரீஸ் மரைக்கு மட்டும். புஷ்ஷுக்கும் குழாய்க்கும் கிரீஸ் போடக் கூடாது, கவ்வுகிற இடம் வழுக்கினால் பிறகு லாக் எதற்கு? பால் ஹெட்டின் பந்துக்கும் அப்படியே, பெரும்பாலான ஹெட்டுகளில் பந்து உலர்ந்துதான் வேலை செய்யும். கீச் என்ற சத்தத்துக்காகத் துரு இளக்கும் நீல டப்பா ஸ்ப்ரேயை அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது இருக்கிற கிரீஸையும் கரைத்துவிட்டு, அடுத்த மணலுக்கு ஒட்டும் பாய் விரிக்கும்.

மாற்றிக்கொண்ட பழக்கங்கள்

கரைக்குப் போனால் இப்போது அவன் மெல்லிய குழாயைத்தான் முதலில் முழுக்க நீட்டுகிறான். வழக்கத்துக்கு நேர் எதிர். தடித்த குழாயை முதலில் நீட்டினால்தான் ட்ரைபாட் ஆடாது என்பது உண்மை, ஆனால் அலைக்குள் நிற்கும்போது கடைசி லாக் தண்ணீருக்கு மேலே இருப்பதுதான் முக்கியம். காலை ஒரு சாண் மணலுக்குள் ஊன்றுகிறான். இரண்டு அலை வந்து போகும்வரை கேமராவைத் தொடுவதில்லை. அலை திரும்பும்போது காலைச் சுற்றியுள்ள மணல் கூழாகி, கால் தானே இறங்கும். இறங்கி முடிந்த பிறகு எடுத்தால் அரை வினாடிப் படமும் கூர்மையாக வருகிறது. கேமரா பையை நடுத்தண்டில் தொங்கவிடுகிறவர்கள் அது தரையைத் தொடும்படி விட வேண்டும். அந்தரத்தில் விட்டால் கடல்காற்றில் ஊஞ்சலாடி, ஆடாத ட்ரைபாட்டையும் ஆட்டும்.

படம் முடிந்ததும் மடக்குவதில்லை. நீட்டியபடியே தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு வந்து, லாக்குகளின் மேல் நல்ல தண்ணீர் ஊற்றி, குழாயை மேலிருந்து கீழாகத் துடைத்து, அதற்குப் பிறகுதான் தளர்த்துவது. வீட்டில் கிணற்றடியில் வாளித் தண்ணீரில் காலை மட்டும் முக்கி முக்கி எடுத்து, நீட்டிய நிலையில் நிழலில் ஒரு நாள். ஹெட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும், அதைத் தண்ணீரில் முக்கக் கூடாது.

உலர் மணலுக்கும் பனிக்கும் பொதுவாக ஒன்று செய்துகொண்டான். தேய்ந்த ஹவாய் செருப்பின் அடியிலிருந்து வட்டமாக வெட்டிய துண்டு. ஒரே துண்டில் அகலம் போதாது என்பதால் இரண்டை ஒட்டி, 12 சென்டிமீட்டர் வட்டமாக்கினான். நடுவில் துளை, அதில் ட்ரைபாட்டின் ரப்பர் பாதம் நுழைந்து நிற்கும். பாதத்தின் விட்டம் 2.5 சென்டிமீட்டர். வட்டத்தின் பரப்பு அதைப்போல 23 மடங்கு. அதே எடை 23 மடங்கு இடத்தில் பரவுவதால் புதுப் பனியிலும் கால் உடனே புதையாது. வலைக்கு மிதவையாகச் செருப்புத் துண்டைக் கட்டுகிற ஊரில் இந்த யோசனைக்குக் கடை தேட வேண்டியதில்லை. கடினமான பனிக்கட்டியின் மேல் மட்டும் இது வழுக்கும், அங்கே கூர்முனைப் பாதம்தான் வேண்டும்.

பனிக்கு வேறு சில. நிறுத்தும் இடத்தைப் பூட்ஸ் காலால் மிதித்து அழுத்திவிட்டுச் சில நிமிடம் விட்டால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகித் தரை மாதிரி ஆகும். மடக்குவதற்கு முன் லாக்கில் ஒட்டிய பனியைத் தட்டி உதற வேண்டும், வாயால் ஊதினால் மூச்சின் ஈரமும் அங்கேயே உறையும். அறைக்குக் கொண்டுவந்தால் எல்லா அடுக்கையும் நீட்டி முழுக்கக் காயவிட வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் உள்ளேயே கொண்டுவராமல் குளிரிலேயே விட்டுவிடலாம். பாதி உருகி மறுபடி வெளியே போவதுதான் லாக்கைப் பிடிக்கும். மேல் குழாய்களில் சைக்கிள் ஹேண்டில் டேப் சுற்றிக்கொண்டான். கார்பன் குழாய் குளிரில் கையை அவ்வளவாகக் கடிக்காது, அதைவிட அலுமினியக் காலரும் ஹெட்டும்தான் விரலைக் கடிக்கும்.

சோதித்துப் பார்த்தது

பனிக்கு மறுபடி காஷ்மீர் போகப் பையில் காசில்லை. இந்த ஜனவரியில் மூணாறு போனான். அங்கே பனிப்பொழிவு கிடையாது, ஆனால் செண்டுவாரை பக்கம் வெப்பம் சுழியத்தைத் தொட்டு, சில நாள் அதற்குக் கீழும் இறங்கும். புல் முழுக்க உறைபனி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். எஸ்டேட் லயத்தில் அவனுடைய அத்தை வீடு. ட்ரைபாட்டை ராத்திரி முழுக்க வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, விடியற்காலை ஐந்தரைக்கு எனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, ஒம்பது லாக்கும் திரும்புது. அத்தை வீட்டுத் தேங்காய் எண்ணெய் குப்பியில கட்டியா நிக்குது."

"எடை சாய்ச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். எதுவும் இறங்கல. நடுக்கால்ல ரெண்டாவது லாக் மட்டும் லேசா அரைக்குது."

அது நான் புஷ்ஷை மாற்றாமல் விட்ட லாக். கீறல் சின்னது, போதும் என்று நினைத்தேன். ஊருக்கு வந்ததும் கொண்டு வா, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்தேன்.